சிம்னிக் குளம்

அமெரிக்க நாட்டின் வடகிழக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் என்னும் மலை உள்ளது. அதன் செங்குத்தான பாறைகளின் அடியில், ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், சிம்னிக் குளம் என்னும் சிறு நீர்நிலை விளங்குகின்றது. மலையேறுவோர் தங்கி இளைப்பாற அதனருகே முன்புறம் திறந்த மரக்குடில்கள் சில உள. வண்டி அங்குச் செல்லாது. மூன்று மைலுக்கு மேல் மூட்டை சுமந்து நடத்தல் வேண்டும். சென்றபின்னும் விறகிட்டுத் தீ மூட்டலாகாது, குளத்தில் நீராடலாகாது, தம் குப்பையைத் தாமே சுமந்து மீளல் வேண்டும்.

மக்கள் யாவர்க்கும் உரிய இடத்தில் இத்துணைத் தடைகள் ஏன் என்று வினவுவார் உளர். இம்மலையை மக்களுக்கு உரியதாக்கியவர் பெர்சிவல் பாக்ஸ்டர் என்பார். அவர் ஆளுநராயிருந்த காலத்தில் சட்டமன்றம் அதற்குப் பொருள் ஒதுக்க இசையவில்லை. பதவி நீங்கியபின், 1930 முதல் 1962 வரை, தம் சொந்தப் பொருளால் சிறிது சிறிதாக 2,00,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கி மாநிலத்திற்கு வழங்கினார். அது என்றும் இயற்கை நிலையிலேயே இருத்தல் வேண்டும் எனவும் விதித்தார். முப்பதாண்டு முயன்று அவர் ஈந்தது காடேயன்றி விடுதியன்று!

குளிர்மலையில் மரங்கள் மிக மெல்ல வளர்வன. உதிர்ந்த கிளை மட்கினாலன்றி அங்கு மண் வளம் பெறாது. தங்குவோர் தூய்மை செய்து பருகுவதும் அக்குளத்து நீரையே. அதில் ஒருவர் நீராடுதல் பிறர் குடிநீரைக் கெடுத்தலேயாம். குடில்கள் நிரம்பியபின் வருவோர்க்கு இடமில்லை என்பது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், அவர் மறுமுறை வருங்கால் காண்பதற்குக் குளம் குளமாகவே இருக்கும்.