பதினோரு தோல்விக்கு ஒரு பட்டமா?

ஏப்ரல் 20-ம் தேதி இரவு கோவாவில் நம் சென்னையின் எஃப்.சி. இரண்டுக்கு ஒன்று என்று தோற்று வெளியேறியது. ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் மாலையில் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போனால் நண்பர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். "என்ன சார், இவ்வளவு தூரம் வந்து கோட்டை விட்டுட்டாங்களே" என்கிறார் பழைய ஆபீஸ் நண்பர். எங்கள் கூட்டத்தில் ஒரு சொல்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் மட்டும், "தோத்தது நல்லதுதான் முசியே" என்றார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று இருந்தது. யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி என்று தோன்றுகிறது. ஏன் என்று எழுதிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

முதலில் என் பைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். மார்ச் 31-ம் தேதி கொல்கத்தாவில் மோகன் பகானை அவர்கள் சொந்த மைதானத்திலேயே மூன்றுக்கு இரண்டு என்று வீழ்த்தினோம். கூடுதல் நேரத்தில் இர்ஃபான் யத்வாட் போட்ட கோல். பக்கத்து வீட்டுப் பையனும் நானும் அவன் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் போட்ட சத்தத்தில் வீட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று. மறுநாள் காலையிலிருந்து காகிதமும் பென்சிலும்தான். இவன் தோற்றால் நமக்கு எத்தனை புள்ளி வேண்டும், அவன் டிரா செய்தால் என்ன ஆகும் என்று வரவு செலவுக் கணக்குப் போடுவதைப்போல் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆறாவது இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு பிளே-ஆஃப்! தெருவில் தெரிந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன்.

கோவாவிடம் தோற்ற பிறகுதான் அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்து நிதானமாகப் பார்த்தேன். 22 ஆட்டம். வெற்றி 8, டிரா 3, தோல்வி 11. புள்ளி 27. பாதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறோம்! முதலிடம் பிடித்த மோகன் பகானுக்கு 48 புள்ளி. நம்மை வெளியேற்றிய கோவாவுக்கு 45. இந்த நிலையில், அன்று கோவாவில் ஒன்று, அரையிறுதியில் இரண்டு, இறுதியில் ஒன்று, ஆக நான்கே ஆட்டம் நமக்குச் சாதகமாகப் போயிருந்தால் சென்னைதான் இந்தியாவின் சாம்பியன். பதினோரு முறை தோற்றவனுக்கு மகுடம் சூட்டத் தயாராக இருக்கும் ஒரு விதியை நான் ஒரு மாதமாகக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகவே என் வாதம் இது. லீக் என்று ஒன்றை நடத்தினால், பட்டியலில் முதலில் நிற்பவனே சாம்பியன். பிளே-ஆஃப் வைத்துக்கொள்ளுங்கள், கோப்பை கொடுங்கள், பணம் கொடுங்கள், வாணவேடிக்கை விடுங்கள். ஆனால் சாம்பியன் என்ற பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பையன் மடக்கினான். "தாத்தா, நம்ம ரெண்டு கோப்பையும் பிளே-ஆஃப்ல வந்ததுதானே?"

வந்ததுதான். மறைக்க ஒன்றும் இல்லை. 2015-ல் லீக்கில் முதலிடம் கோவாவுக்கு. நாம் மூன்றாவது. சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த டிசம்பர் அது. நம் சொந்த மைதானத்து அரையிறுதியைப் புனேயில் கொண்டுபோய் ஆட வேண்டியிருந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் போனது. முடியப்போகும் நேரத்தில் அவர்களுடைய கோல்கீப்பரின் சேம்சைடு கோல், அடுத்துக் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவின் கோல். மூன்றுக்கு இரண்டு. 2018-லும் அதே கதை. பெங்களூரு 40 புள்ளியோடு முதலிடம், நாம் 32. இறுதி ஆட்டம் பெங்களூரிலேயே. அதையும் மூன்றுக்கு இரண்டு என்று பறித்துக்கொண்டு வந்தோம். 2020-ல் கோவாவுக்கு 39 புள்ளி, நமக்கு 29. அரையிறுதியில் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ஆறுக்கு ஐந்து என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். ஆட்களே இல்லாத மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது, கொரோனா வந்த மார்ச் அது. அதில் கொல்கத்தாவிடம் தோற்றோம்.

அந்த இரண்டு இரவுகளிலும் நான் பட்ட சந்தோஷம் பொய்யில்லை. அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்கப்போவதும் இல்லை. ஆனால் கோவாவில் ஒரு கிழவர் இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததைப்போல் அவர் போர்த்துகீசியப் பள்ளியில் படித்திருப்பார். என்னைப்போலவே ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீஸில் பேனா தேய்த்து ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய அணி இரண்டு சீசன் எல்லோரையும்விட நன்றாக ஆடி முதலிடம் பிடித்தது. இரண்டு தடவையும் பின்னால் இருந்து வந்த நாம் அவர் தட்டில் இருந்த சோற்றை எடுத்துத் தின்றோம். அவருக்கு நான் என்ன நியாயம் சொல்வேன்? இந்த ஏப்ரலில் அவர் சிரித்திருந்தால், அந்தச் சிரிப்பு அவருக்கு வரவேண்டிய பாக்கி.

ஆபீஸ் வாழ்க்கை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இருபத்தைந்து வருடம் ஒருவன் நேரத்துக்கு வந்து, கோப்பு தேங்காமல் பார்த்து, தணிக்கையில் ஒரு குறிப்பும் வாங்காமல் வேலை செய்கிறான். பதவி உயர்வு வரும்போது, "பணிமூப்புப் பட்டியல் எல்லாம் சரி, முதல் ஆறு பேரும் நாளைக்குக் காலையில் வாருங்கள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்போம், அதில் ஜெயிப்பவன்தான் சூப்பரின்டென்டென்ட்" என்றால் சும்மா இருப்போமா? யூனியன் கொடி தூக்கியிருக்காதா? அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். ஆறாவது ஆளுக்கு நாக்கு வளமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் ஒருவனுடைய அதிர்ஷ்டத்தைக் காட்டும். வேலையைக் காட்டுவது வருகைப் பதிவேடுதான்.

"முதலிடத்துக்குத்தான் கேடயம் கொடுக்கிறார்களே சார்" என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள், 2019-20-லிருந்து. ஆசியப் போட்டிக்கு வழியும் அதுதான். ஆனால் சாம்பியன் என்று யாரைச் சொல்கிறார்கள்? இந்த ஆண்டையே பாருங்கள். ஏப்ரல் 15-ல் கொல்கத்தாவில் மும்பையை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மோகன் பகான் கேடயம் வாங்கியது. மே 4-ல் அதே மைதானத்தில் அதே மும்பை மூன்றுக்கு ஒன்று என்று வென்று சாம்பியன் ஆனது. 22 ஆட்டத்தின் முடிவு கேடயம், ஒரு ராத்திரியின் முடிவு பட்டம். மூத்த பிள்ளைக்குப் பேரை வைத்துவிட்டு இளையவனுக்குச் சொத்தை எழுதிவைத்த மாதிரி.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது எட்டு அணிகள். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. அது ஒரு திருவிழா. திருவிழாவுக்குக் கடைசி நாள் தேர் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்கு அதுவே நாட்டின் முதல் லீக், அரை வருஷத்துக்கு மேல் நடக்கிறது. திருவிழாச் சட்டத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். போதாததற்கு 2022-23-லிருந்து நான்கு பேருக்கு இருந்த கதவை ஆறு பேருக்குத் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டில் ஆறு! பாதிப்பேர் பாஸ். இதனால் நம்மைப்போன்ற நடுத்தர அணிக்கு என்ன புத்தி வருகிறது? "ஆறாவது வந்தால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற புத்தி. ரசிகனும் நன்றாக ஆடினார்களா என்று கேட்பதில்லை. கணக்கு இன்னும் இடம் கொடுக்கிறதா என்றுதான் கேட்கிறான். நானும் அப்படித்தான் கேட்டேன்.

பத்து நாள் முன்பு கிரிக்கெட்டில் பார்த்தீர்களே. மே 18-ல் பெங்களூரில் சென்னை ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 ரன் எடுத்தால் போதும் என்றார்கள். 191 எடுத்தது. ஜெயிப்பதை விட்டுவிட்டு எத்தனை ரன்னில் தோற்கலாம் என்று ஊரே கணக்குப் பார்த்தது. பிளே-ஆஃப் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

"பிளே-ஆஃப் இல்லாவிட்டால் கடைசி மாதம் சப்பென்று போய்விடுமே" என்பது அடுத்த வாதம். இது நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. கீழே இருப்பவனுக்குப் பயம் வையுங்கள்.

பிரான்சில் சேந்த்-எத்தியேன் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பேர்போனது. பச்சைச் சட்டை அணி. 1974, 75, 76 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து பிரெஞ்சு சாம்பியன், மூன்றும் பட்டியலில் முதலிடம் பிடித்து வாங்கியது. 1976 மே 12-ல் கிளாஸ்கோவில் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பயர்ன் மூனிக்கிடம் ஒரு கோலில் தோற்றார்கள். இரண்டு தடவை பந்து கோல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. அந்த மைதானத்தில் சட்டம் சதுரமாக இருந்தது, உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே போயிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். அன்று பிடித்த பச்சைப் பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. அது கோப்பை, ஒரு நாள் விளையாட்டு. தோற்றது தோற்றதுதான். ஆனால் பிரெஞ்சு சாம்பியன் என்ற பட்டத்தை அந்த ஒரு நாள் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை.

அதே அணி 2022-ல் முதல் டிவிஷனில் 18-வது இடத்தில் முடித்தது. அங்கே அதற்குப் 'பராஜ்' உண்டு. மேல் டிவிஷனில் தப்புவதற்கும் விழுவதற்கும் நடுவில் தொங்குபவனும், கீழ் டிவிஷனில் இருந்து ஏற முயல்பவனும் மோதுவார்கள். ஓசேருடன் இரண்டு ஆட்டமும் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் தோற்றுக் கீழே போனார்கள். ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி நெருப்பு கொளுத்தி எறிந்ததைப் பார்த்து வெட்கப்பட்டேன். ஆனால் தீர்ப்பு நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டு முழுக்கச் சரியாக ஆடாதவனுக்குக் கடைசியாக ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள், அதையும் விட்டான்.

பிளே-ஆஃபுக்கு உரிய வேலை இதுதான். ஏறக்குறைய சமமாக நிற்கும் இருவரில் யாருக்கு அந்த ஒரு நாற்காலி என்று தீர்ப்பது. மகுடத்தில் அது கை வைப்பதில்லை. நம் லீக்கில் இந்த ஆண்டு கடைசி இடம் ஹைதராபாத்துக்கு. பண நெருக்கடியில் சிக்கிய அணி, பாவம், 22 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியில் வந்தாலும் கீழே இறங்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே சட்டம். ஏழாவது வந்தாலும் பன்னிரண்டாவது வந்தாலும் ஒன்றே. அப்புறம் கடைசி மாதம் சப்பென்று போகாமல் என்ன செய்யும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆறு பேருக்குக் கதவைத் திறக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது மூன்று. முதலிடம் பிடித்தவனை சாம்பியன் என்று கூப்பிடுங்கள். பிளே-ஆஃபை ஒரு கோப்பையாக நடத்துங்கள், ஆனால் முதல் நான்கு பேரோடு நிறுத்துங்கள். கடைசியில் வருபவன் கீழே இறங்கட்டும், ஐ-லீகிலிருந்து ஒருவன் ஏறி வருவதைப்போல. பதினோராவது இடத்துக்காரனுக்கும் ஐ-லீகில் இரண்டாவது வந்தவனுக்கும் ஒரு பராஜ் வையுங்கள். டிக்கெட் விற்காவிட்டால் என்னைக் கேளுங்கள்.

இந்த மூன்றும் நடந்தால் நம் சென்னைக்கு நஷ்டம்தான். இனி ஆறாவது இடத்தில் இருந்து அற்புதம் நிகழாது. ஒரு நாள் கீழே விழவும் நேரலாம். எழுபதைத் தாண்டிய நான் அடுத்த பட்டத்தைப் பார்க்காமலே போகலாம். பரவாயில்லை. பட்டியலில் மேலே நின்று வாங்கும் ஒரு பட்டத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பையன் காத்திருக்கட்டும். அவனுக்கு வயது இருக்கிறது.

இதற்கிடையில் சேந்த்-எத்தியேன் இந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனில் மூன்றாவது. நேராக ஏறும் வாய்ப்பு மயிரிழையில் போய்விட்டது. போன வாரம் ரொதேசை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்று பராஜுக்கு வந்துவிட்டார்கள். வரும் வியாழன், 30-ம் தேதி, சொந்த ஊரில் மேட்ஸுடன் முதல் ஆட்டம். ஜூன் 2 ஞாயிறு அங்கே போய் இரண்டாவது. வியாழக்கிழமை நான் தூங்கப்போவதில்லை. காகிதமும் பென்சிலும் வேண்டாம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இதில் கூட்டிக் கழிக்க ஒன்றும் இல்லை. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே.

சொல்தாவையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் மேட்ஸ் பக்கம். அந்த ஊரில்தான் பட்டாளத்தில் இருந்தாராம்.