இசைவாணை எந்த மொழியில்?

தோல் பதனிடும் ஆலையோ சாயப்பட்டறையோ நம் ஊர் எல்லையில் எழவேண்டுமெனில் அதற்கு அரசின் இசைவு வேண்டும். 1974 ஆம் ஆண்டின் நீர்மாசுச் சட்டமும் 1981 ஆம் ஆண்டின் காற்றுமாசுச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றன. கட்டுதற்கு ஓர் இசைவு. கட்டியபின் இயக்குதற்கு மற்றோர் இசைவு. பெருந்தொழில்களாயின் 2006 ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி நடுவணரசின் சூழல் ஒப்புதலும் வேண்டும். அவற்றுட் பலவற்றிற்கு ஊர்மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டலும் வேண்டும். தாளில் யாவும் செம்மையாகவே உள்ளன. அத்தாள் எந்த மொழியில் உள்ளது என்பதே நம் வினா.

கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு முன்னர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வைக்கப்பெறும் சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. பல நூறு பக்கம் நீள்வது. தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. அச்சுருக்கத்தை எழுதித் தருபவர் யார்? ஊராரா? அரசா? இல்லை, ஆலைக்கு ஒப்புதல் கேட்டு நிற்பவரே! எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவரே முடிவு செய்கிறார். விடப்பட்டது இன்னதென்று அறிய, உழவன் ஆங்கிலம் கற்றுவிட்டு வரவேண்டும் போலும்.

இதனால் விளையும் கேட்டைப் பாலாற்றங்கரையும் திண்டுக்கல்லும் அறியும். தமிழகத்துத் தோல்பதன் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நயன்மன்றம் 1996 ஆகசுட்டு 28 இல் தீர்ப்பளித்தது. ஆலைகள் மிக்க அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம், சிறிதளவேனும் முற்றாகவேனும், பயிரிடத் தகாததாகிவிட்டது என்று அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. திண்டுக்கல் பக்கத்தில் 13 சிற்றூர்களில் எண்ணிப் பார்த்த 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. மாசுபடுத்தியவனே ஈடு செய்க என்னும் நெறியை அன்று மன்றம் உறுதிப்படுத்தியது. 28 ஆண்டுகள் கழிந்து, 2025 சனவரி 30 இல், வேலூர்ப் பகுதி மக்களுக்கு இழப்பீடு தருக என்று அதே மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது!

ஆலைகளுக்கு வரம்பே இல்லாமற் போனதாலா இக்கேடு? இல்லை. ஓர் இலிட்டர்க் கழிவுநீரில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு இருந்தது. அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி ஆலை வாயிலில் பலகையாக நட்டிருந்தால், கிணறு கரித்த அன்றே ஒரு குடம் நீரை எடுத்துப்போய், 'அளந்து சொல்' என்று அலுவலர் முன் வைத்திருப்பான் நம் உழவன். வரம்பு ஆலையுடையாரின் கோப்பிலும் வாரியத்தின் கோப்பிலும் ஆங்கிலத்தில் உறங்கிற்று. குடித்தவனுக்கு மட்டும் அது தெரியாது.

வாரியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்னும் பெயர் உண்டு. அது பார்ப்பனர் ஊரவை என்பதை யாமும் அறிவோம்; அனைவருக்கும் அதில் இடமில்லை. எனினும், நீரைக் காக்கும் குழுவுக்கு யார் தகுதியுடையார், யார் தகுதியற்றார் என்பதை ஊரார் காணக் கல்லில் தமிழிலேயே வெட்டினர். ஏறத்தாழ ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்! பெயரை எடுத்துக்கொண்ட இற்றை வாரியம் அப்பண்பை எடுத்துக்கொள்ளவில்லை.

தில்லியின் போக்கோ இதனினும் கொடிது. 2020 மார்ச்சில் புதிய சூழல் தாக்க வரைவு அறிவிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டனர். 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர் நயன்மன்றம் அவ்வாண்டு சூன் 30 இல் ஆணையிட்டது. பெயர்த்துத் தருவதை விடுத்து, அவ்வாணையை எதிர்த்து உச்ச நயன்மன்றம் வரை சென்றது நடுவணரசு. எம் ஆற்றைப் பற்றிய சட்டத்தை எம் மொழியில் கேட்பதும் குற்றமாயிற்று!

சொல்லில்லை என்பார்க்கு விடையிறுப்பது எளிது. கழிவுநீர், கரைதிண்மம், உயிர்வளித் தேவை, நிலத்தடி நீர், இசைவாணை: எச்சொல் குறைகின்றது? குறைவது மனமே.

மற்றொன்றும் காண்க. விண்ணப்பம் முழுமையாக வந்தபின் நான்கு திங்களுக்குள் வாரியம் விடையளிக்காவிடில், வரம்பேதுமின்றி இசைவு வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது நீர்மாசுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. வாய்வாளாமையே இசைவாம்! விண்ணப்பம் வந்துள்ளது என்பதைத் தமிழில் ஊரறிய அறிவியாதபோது, அந்நான்கு திங்களும் கழிவதை யார் எண்ணுவார்?

முழு அறிக்கையும் இசைவாணையும் அதன் வரம்புகளும் தமிழில் வேண்டும். தமிழ்நாட்டரசு நினைத்தால் தன் வாரியத்தின் ஆணைகளையேனும் நாளையே தமிழில் வெளியிடலாம். அதுவரை, இருக்கும் உரிமையை விடாதீர். கேட்பு முடிவில் அங்கு நிகழ்ந்தவற்றின் குறிப்பை மக்கள் மொழியில் படித்து விளக்கல் வேண்டும் என்று 2006 அறிவிக்கையே கூறுகிறது. படிக்காது எழுந்து செல்லும் அலுவலரை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். தாங்கள் சொன்னது அதில் உள்ளதா என்று பார்த்த பின்னரே கலையுங்கள்.