எந்த இருக்கையில் அமர்ந்தாலும்

வீட்டில் கணிப்பொறி உள்ளவர் எழுதிய நிரல் வீட்டில் இருக்கும். இல்லாதவர் எழுதியது எங்கே இருக்கும்? துடியலூரிலிருந்து பஸ்ஸில் வரும் எனக்கு, முதலாண்டில் சட்டைப் பையில் கிடந்த பென் டிரைவ்தான் இதற்கு விடை. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அது திறக்க மறுத்தது. ஒரு பருவத்தின் உழைப்பு போயிற்று. "கம்ப்யூட்டர்ல எழுதுனது எப்படிக் கண்ணு தொலையும்?" என்று அம்மா கேட்டார். பள்ளிக்கூடத்தைத் தாண்டாத என் தாயின் கேள்வி நியாயமானதே.

இதற்கு 1984-லேயே வழி கண்டிருக்கிறார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அவ்வாண்டு உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில் கோப்புகள் ஒரே சர்வரில் இருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் பொறிகளில் ஒரு வெற்று ஃபோல்டரை அமைத்து, 'மவுண்ட்' என்ற கட்டளையால் சர்வரின் ஃபோல்டரை அதில் பொருத்தலாம். அதன்பின் தொலைவிலுள்ள கோப்பும் அருகில் உள்ளதுபோலவே திறக்கும். 'எஃப்ஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டால், பொறி இயங்கத் தொடங்கும்போதே தானாகப் பொருந்திக்கொள்ளும். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் என் கோப்பு என் முன்னே!

செலவு? லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படியே. ஆய்வகத்தின் பொறி ஒன்றைச் சர்வராக ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.

"சர்வர் நின்றால் வகுப்பே நின்றுவிடுமே" என்பர் சிலர். உண்மைதான், அது மீளும்வரை மற்றப் பொறிகள் காத்துக் கிடக்க நேரும். ஆனால் அறுபது பென் டிரைவ்களைக் காப்பதைவிட ஒரு சர்வரைக் காப்பது எளிதன்றோ? இரவுதோறும் வேறொரு வட்டில் நகல் எடுத்தால் போதும். பாடக் குறிப்புகளைப் படிக்க மட்டும் அனுமதி, அவரவர் ஃபோல்டரில் எழுதவும் அனுமதி என்று வரம்பு கட்டலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: என்.எஃப்.எஸ். வழக்கமாக ஆளைப் பெயரால் அல்ல, எண்ணால் அறிகிறது. ஆகவே ஒரு மாணவருக்கு எல்லாப் பொறிகளிலும் ஒரே எண் வேண்டும். இல்லையேல் என் கோப்பு இன்னொருவருடையதாகிவிடும்!

எங்கள் ஊர் விவசாயிகளுக்கு டியூகாஸ் கூட்டுறவுச் சங்கத்தைத் தெரியும். தனியொருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகும் என்பதே கூட்டுறவின் பாடம். அதையே நம் ஆய்வகத்துக்கும் கேட்கிறேன். வசதியுள்ளோர் இதனால் எதையும் இழக்கப் போவதில்லை. வசதியற்றோருக்கோ படித்த படிப்பு கையில் நிற்கும். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டும். கேபிள் இழுக்கவும் கட்டளை எழுதவும் மாணவர்களாகிய நாங்கள் காத்திருக்கிறோம்.