பேர் என்னம்மா?



“உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டால், “இன்னாரோட சம்சாரம்”, “இன்னாரோட அம்மா” என்று மட்டுமே பதில் வருகிறது. வாக்காளர் பட்டியலில் என்னவென்று எழுதுவது? நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்காக வீடு வீடாகப் போனவர்கள் இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார்கள். பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் இது அதிகமாக இருந்தது. அந்நியரிடம் ஒரு பெண் தன் பெயரைச் சொல்வது அன்று அங்கே வழக்கமில்லை.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சொந்தப் பெயர் இருந்தால்தான் பட்டியலில் இடம். பிகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அன்றைய பெண் வாக்காளர்கள் மொத்தமே சுமார் 8 கோடி.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒருத்தியை, பெயர் சொல்லவில்லை என்று தள்ளிவைப்பதா? பிறகு யோசித்தேன். வாக்கு கணவருக்கோ மகனுக்கோ உரியதல்ல, உனக்கு உரியது என்று ஓர் அரசு அவள் வாசலில் வந்து சொன்னதும் அதே கேள்வியால்தானே? சென் எடுத்த முடிவு சரி என்றே இன்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த 28 லட்சம் பேரை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த அந்தத் தேர்தலின் கதையைத்தான் இந்த இதழில் விரிவாகத் தருகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதி என்பதால், வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்று வைத்தார்களாமே, அதுவும் உண்டு. தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பீர்கள் என்று யோசித்துப் படியுங்கள்.

அன்று வாக்களிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 1989இல்தான் அது 18 ஆனது. இப்போது 17 முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். உங்களில் சிலருக்கு அந்த வயது வந்துவிட்டது.

வீட்டில் பாட்டி இருந்தால், முதன்முதலில் எப்போது வாக்களித்தார், பட்டியலில் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அவரது முழுப் பெயரோடு.

அன்புடன்,
ஆசிரியர்