பதில் எந்த மொழியில் வரும்?

“மொழி இனி ஒரு தடையே அல்ல.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தொழில்நுட்ப விழா மேடையில் சொல்கிறார்கள், விளம்பரத்தில் சொல்கிறார்கள், கல்லூரி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினரும் தவறாமல் சொல்கிறார். 2023 டிசம்பரில் வாரணாசி காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சை ஒன்றிய அரசின் மொழிபெயர்ப்புக் கருவி ‘பாஷிணி’ உடனுக்குடன் தமிழாக்கித் தந்ததே, அதற்குப் பிறகு இந்த வாசகத்துக்குக் கால் முளைத்துவிட்டது. இப்போது மின்னஞ்சல் பெட்டிக்குள்ளும் நுழைந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தாயிற்றாம். தமிழில் சொன்னால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கடிதம் எழுதித் தருமாம். வந்த கடிதத்தைத் தமிழில் சுருக்கிச் சொல்லுமாம். கடைக்கோடித் தொழிலாளியும் எந்த அலுவலகத்தோடும் நேராகப் பேசிக்கொள்ளலாமாம்.

சரி, கடைக்கோடிக்கே போவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு முன்னால், பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிகிற இடம் மரக்காணம். மூவாயிரம் ஏக்கருக்குக் குறையாத உப்பளம். ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி மிதித்தால் வடகிழக்குப் பருவமழை வரைதான் வேலை. அதன்பின் அடுப்பெரிய அரசின் மழைக்கால நிவாரணத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிவாரணம் மாநில அரசின் கையில். உப்போ அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58-ஆவது இனம். உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பது ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில். குறை சொல்லப் போகவேண்டிய வாசல்கள் பல. வாசலுக்கு வாசல் மொழி வேறு. மொழி தடையே அல்ல என்பவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக இங்கே உரசிப் பார்ப்போம்.

முதல் வாதம்: எல்லா மொழியும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். அப்படியா? ஜிமெயில் நம் வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கத் தொடங்கியது 2018-இல், ஆங்கிலத்தில். கூகுளின் ஜெமினி செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு இங்கே வந்தது 2024 ஜூனில். ஒன்றுதான் என்றால் நடுவில் ஏன் ஆறு ஆண்டு? கணினிக்குள்ளே போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். ‘மரக்காணம்’ என்பது நமக்கு ஆறெழுத்து. யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் 27 பைட். ஆங்கில எழுத்தில் எழுதினால் 10 பைட்டோடு முடிந்தது. இந்த உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. துண்டு கூடினால் செலவும் கூடும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் புதிய மாதிரியைப் பற்றிப் பெருமையோடு வெளியிட்ட கணக்கிலேயே ஒரே செய்தி தமிழில் 116 துண்டுகளிலிருந்து 35 ஆகக் குறைந்திருந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. அதே செய்திக்கு ஆங்கிலத்தில் 24. எல்லாரும் சமம் என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் அளந்து போடுகிறார்கள்.

இரண்டாவது: ஆங்கில எழுத்தில் அடிக்கும் தங்கிலீஷும் அதற்குப் புரியும். பெரும்பாலும் புரிகிறது. அடுத்தது.

மூன்றாவது: இணைப்பாக வரும் ஆவணத்தையும் படித்துச் சுருக்கிவிடும். எந்த ஆவணத்தை? தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் அலுவலகத்துக்கு ஓர் எழுத்துரு, வானவில், பாமினி என்று ஆளாளுக்கு ஒன்று. அவற்றில் அடித்த பக்கம் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்தும் குறியும். இயந்திரம் அந்த உள்ளிருப்பைப் படித்தால் கிடைப்பது குப்பை. பழைய குத்தகை ஆணையும் ரசீதும் இந்த நிலையில்தான் இருக்கும், இல்லையென்றால் மங்கலான ஒளிநகலாக இருக்கும். பளபளப்பான செயல்விளக்கங்களில் இந்தக் காகிதங்களை நான் பார்த்ததே இல்லை.

நான்காவது: அதிகாரிகளின் நேரம் மிச்சமாகும். ஆகட்டும், பாவம்.

ஐந்தாவதுதான் தலையாய வாதம்: மனு எழுத இனி யார் தயவும் வேண்டாம். தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாரே, மனு எழுதிக் கொடுப்பவர், அவரை ஒழித்துக் கட்டுவதில் இவர்களுக்கு என்ன ஆனந்தம்! அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. காசு வாங்குவார், சமயத்தில் கூடவே வாங்குவார். ஆனால் எழுதுமுன் கேட்பார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மரக்காணத்து அளங்கள் மூழ்கின. “எல்லாம் தண்ணியில போச்சி சார், நிவாரணம் வேணும்” என்று ஓர் அம்மா வந்து நின்றால், “அளம் உங்க குத்தகையாம்மா, கூலிக்குப் போறீங்களா? நலவாரிய அட்டை இருக்குதா? போன வருசம் பணம் வந்துச்சா?” என்று குடைவார். குத்தகைதாரர் போகவேண்டிய வழி ஒன்று, கூலியாளின் வழி வேறு என்பது அவருக்குத் தெரியும். எழுதி முடித்ததும் படித்துக் காட்டுவார். அதன் பிறகுதான் கையெழுத்து.

உதவியாளர் இதே பேச்சைக் கேட்டுவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், கூலிக்குப் போகும் அந்த அம்மாவை உப்பு உற்பத்தியாளராக்கி, நட்ட ஈடு கோரும் அருமையான ஆங்கிலக் கடிதத்தை நீட்டினால்? அந்த அம்மா எதைப் பார்த்துத் தவறென்று சொல்வார்? “அதையே தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லலாமே” என்பார்கள். எழுதியவனையே சாட்சிக்கும் கூப்பிடுவதா? கைநாட்டை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய நாடு, தனக்குப் படிக்கத் தெரியாத கடிதத்தின் கீழ் ஒருவரை ‘அனுப்பு’ பொத்தானை அழுத்த வைத்துவிட்டு, அதற்கு அதிகாரமளித்தல் என்று பெயரும் சூட்டுகிறது.

அதைவிட அடிப்படையான கேள்வி: அந்தக் கடிதம் ஏன் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும்? அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும், எந்த அதிகாரியிடமும் குறைதீர்க்க மனுக் கொடுக்கலாம் என்கிறது. 1950 முதல் இருக்கும் உரிமை. தமிழ் மனுவைப் புரிந்துகொள்வது அலுவலகத்தின் பாடு. அந்தப் பாட்டைத் தூக்கி உப்பளத் தொழிலாளியின் கைப்பேசியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் தடை நீங்கியதாகக் கொண்டாடுகிறார்கள்.

பதில் எந்த மொழியில் வரவேண்டும் என்று 350-ஆவது பிரிவு சொல்லவில்லை. மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2020-இல் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒன்றிய உள்துறையிலிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் வழக்குப் போட்டார். கடிதம் எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில் பதில் தரவேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொன்னது. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் வாங்கவே ஓர் எம்.பி. நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மரக்காணத்துக்காரர் எந்தப் படியேறுவார்?

ஏற வேண்டாமாம். இந்தியில் வந்தால் என்ன, உதவியாளர் தமிழில் சுருக்கித் தந்துவிடுமாம். அந்தச் சுருக்கத்தை அச்சடித்துக் கிராம நிர்வாக அலுவலர் மேசையில் வைத்துப் பாருங்கள். அதில் கையொப்பம் கிடையாது, முத்திரை கிடையாது. சுருக்கத்தில் ஒரு தேதி விடுபட்டு, கெடு தாண்டிப்போனால் அதற்குப் பொறுப்பேற்க ஆளும் கிடையாது.

இயந்திரத்தைக் கடலில் போடச் சொல்லவில்லை. தொழிலாளியின் கைப்பேசியிலிருந்து எடுத்து அதிகாரியின் மேசையில் வையுங்கள். தமிழில் வந்த மனுவை அவர் அதை வைத்துப் படிக்கட்டும். பதிலைத் தமிழில் எழுதி, தமிழ் தெரிந்த ஒருவரைச் சரிபார்க்கச் சொல்லி, கையொப்பமிட்டு அனுப்பட்டும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.