எலியை ஒழிச்சாச்சு, அடுத்தது கிரில்: சவுத் ஜார்ஜியா தீவு ஏன் முக்கியம்?

ஜார்ஜியான்னு சொன்னா ஒரு நாடு ஞாபகத்துக்கு வரும், இல்லையென்றால் ஓர் அமெரிக்க மாநிலம். இது அந்த ரெண்டும் இல்லை. தென் அட்லாண்டிக் கடலில், ஃபாக்லாந்து தீவுகளில் இருந்து சுமார் 1,400 கி.மீ. கிழக்கே கிடக்கும் சவுத் ஜார்ஜியா தீவு. பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. நீளம் சுமார் 170 கி.மீ. பாதிக்கு மேல் எப்போதும் பனி மூடியே இருக்கும். விமான நிலையம் கிடையாது, கப்பலில்தான் போகணும். நிரந்தரமாகக் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வாளர்களும் அரசு அலுவலர்களும் முறைவைத்து வந்து தங்குகிறார்கள்.

ஆளே இல்லாத ஊரைப் பற்றி நமக்கென்ன பேச்சு? மனுஷன் கெடுத்ததை மனுஷனே சரிசெய்ய முடியுமா என்ற கேள்விக்கு, உலகத்திலேயே தெளிவான பதில் கிடைக்கும் இடங்களில் இது ஒன்று.

1775-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் இங்கே இறங்கி, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார். பெரிய தென்கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கை. கரையை ஒட்டியே போய்த் தென்முனையைப் பார்த்தபோதுதான் இது வெறும் தீவு என்று தெரிந்தது. கடுப்பில் அந்த முனைக்கு 'ஏமாற்ற முனை' என்றே பெயர் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஆனால், இங்கே சீல்கள் இருப்பதை எழுதிவைத்தார். அது போதுமே! ரோமத் தோலுக்காக வேட்டைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1800-01 பருவத்தில் 'அஸ்பாசியா' என்ற ஒரே கப்பல் 57,000 ஃபர் சீல் தோல்களோடு திரும்பியது. அடுத்த நூற்றாண்டு பிறந்தபோது ஃபர் சீல் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது.

அப்புறம் திமிங்கிலத்தின் முறை. 1904-ல் நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன், அர்ஜென்டினா முதலீட்டில் கிரித்விகென் என்ற இடத்தில் திமிங்கில ஆலையைத் தொடங்கினார். 1965-ல் கடைசி ஆலை மூடப்படும்வரை இந்தத் தீவின் கரையில் வெட்டப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,250. அந்த எண்ணெய் சோப்பானது, மார்ஜரின் ஆனது, முதல் உலகப்போரில் வெடிமருந்தும் ஆனது. பிடிக்கத் திமிங்கிலமே இல்லாமல் போனதால்தான் ஆலைகள் மூடின, மனசு மாறியதால் அல்ல.

தீவின் பெயர் பிரபலமானது வேறு இரண்டு காரணங்களால். 1916-ல் கப்பலைப் பனிக்கடலில் இழந்த எர்னஸ்ட் ஷாக்கில்டன், சின்னப் படகில் வந்து சேர்ந்து, இந்த மலைகளை 36 மணி நேரம் நடந்து கடந்து உதவி கேட்டது இங்கேதான். அவர் கல்லறையும் கிரித்விகெனில்தான் இருக்கிறது. 1982 மார்ச்சில் பழைய ஆலையின் இரும்பை எடுக்க வந்த அர்ஜென்டினா தொழிலாளர்கள் தங்கள் கொடியை ஏற்றினார்கள். ஃபாக்லாந்து போருக்கு முன்னோட்டம் அது. அர்ஜென்டினா இன்றைக்கும் தீவுக்கு உரிமை கோருகிறது.

இனிதான் முக்கியமான கதை. வேட்டைக் கப்பல்களில் எலிகளும் வந்து இறங்கின. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. வேறெங்கும் இல்லாத சவுத் ஜார்ஜியா நெட்டைக்காலிப் பறவை, எலி எட்டாத இடங்களில் மட்டும் தப்பியது. எலிகளைத் தடுத்துவைத்தது மலையில் இருந்து கடல்வரை இறங்கும் பனியாறுகள்தான். தீவை அவை பல துண்டுகளாகப் பிரித்திருந்தன. வெப்பம் ஏற ஏற அந்தப் பனியாறுகள் பின்வாங்கின, வேலி திறக்கத் தொடங்கியது. 'இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை' என்ற நிலை.

2011 முதல் 2015 வரை மூன்று கட்டங்களாக ஹெலிகாப்டரில் இருந்து விஷ இரை தூவினார்கள். செலவு சுமார் ஒரு கோடி பவுண்டு, பெரும்பாலும் நன்கொடை. மிச்சம் இருக்கிறதா என்று மோப்ப நாய்களை விட்டுத் தேடினார்கள். 2018-ல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். இதற்கிடையே, நார்வேக்காரர்கள் கொண்டுவந்து விட்ட கலைமான்கள் 6,000-க்கு மேல் பெருகி, புல்வெளியை மேய்ந்து தள்ளியதால் அவற்றையும் ஒழித்தார்கள். நெட்டைக்காலி திரும்ப வந்தது. 2020-ல் 23 நாள் கடலாய்வில் 58 முறை நீலத் திமிங்கிலம் தென்பட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டு ஆய்வுகளில் தென்பட்டது ஒரே ஒரு தடவை!

எல்லாவற்றுக்கும் ஹெலிகாப்டர் உதவாது. 2023-ல் பறவைக் காய்ச்சல் இங்கேயும் வந்தது. முக்கியமான கரைகளில் ஈனவரும் பெண் யானை சீல்களின் எண்ணிக்கை 2022-க்கும் 2024-க்கும் இடையில் 47 சதவீதம் சரிந்தது. இதைத் தடுக்க யாரிடமும் வழியில்லை.

கையில் இருப்பது கிரில் மட்டும்தான். நம்மூர் கூனி மாதிரி சின்ன உயிரி. திமிங்கிலம், பென்குயின், ஃபர் சீல் எல்லாம் பெரிதும் நம்பியிருக்கும் சாப்பாடு. நீங்கள் வாங்கும் ஒமேகா-3 மாத்திரைகளில் சிலவும், பண்ணை மீன்களின் தீவனமும் இதில் இருந்தே வருகின்றன. கோடையிலும் கரையோரக் கடலிலும் கிரில் பிடிக்கத் தடை, குளிர்காலத்தில் அனுமதி. உரிமக் கட்டணத்தில்தான் தீவின் நிர்வாகம் பெரிதும் ஓடுகிறது, ரோந்துக் கப்பலுக்கும் அந்தக் காசுதான் என்கிறார்கள். நியாயமான வாதம். ஆனால், மீன்பிடிக்கும் சுற்றுலாவுக்கும் வாங்கும் கட்டணம் தனியாக இருக்கவே செய்கிறது. திமிங்கிலங்கள் இப்போதுதான் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. எத்தனை திரும்பின, எவ்வளவு தின்கின்றன என்ற கணக்கு முடியும்வரை இந்தக் கடலில் கிரில் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு இரையும் வேண்டாம், மோப்ப நாயும் வேண்டாம். பிரிட்டிஷ் நிர்வாகத்தின் ஒரு கையெழுத்து போதும்.