மீன் சொல்லும் சாட்சி



கால்வாயில் மீன் செத்து மிதந்தால், "தண்ணீரில் மருந்து கலந்துவிட்டது" என்கிறோம். மீன் துள்ளி விளையாடினால், "நல்ல தண்ணீர்" என்று குடத்தை முக்குகிறோம். முதல் பேச்சில் நியாயம் உண்டு. இரண்டாவதை நம்பலாமா?

ஆய்வுக்கூடத்திலும் மீனைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் 'ஈக்கான் லோங்காங்' என்கிறார்களே, அந்தக் கப்பி மீனும் இதற்கு ஏற்றதுதான். 1981-இல் உலக நாடுகள் பல ஏற்ற முறை இது: ஐந்து தொட்டிகளில் மருந்தைப் படிப்படியாகக் கூட்டிக் கலப்பார்கள். இன்னொன்றில் வெறும் தண்ணீர். தொட்டிக்குக் குறைந்தது 7 மீன். மூச்சுத் திணறிச் சாகாதபடி தண்ணீரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். 96 மணி நேரம், அதாவது நான்கு நாள், செத்தவற்றை எண்ணுவார்கள். பாதி மீனைக் கொல்லும் அளவு எவ்வளவு சிறியதோ, அந்த மருந்து மீனுக்கு அவ்வளவு கொடியது.

எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் சில பங்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இருந்தாலே சில மீன்களைக் கொன்றுவிடும். பாரகுவாட் களைக்கொல்லியோ மீனுக்கு அதைவிடப் பல மடங்கு சாது. ஆனால் மனிதனுக்கு? தண்ணீர் கலக்காத பாரகுவாட் ஒரு மிடறு போதும், உயிர் போய்விடும். முறிமருந்தும் கிடையாது. மலேசியாவில் 2020-இல் அதைத் தடை செய்தார்கள்.

ஆகவே, மீனுக்குச் சாதுவானது நமக்கும் சாதுவென்று எண்ணக் கூடாது. நான்கு நாள் சோதனை உடனே கொல்வதைத்தான் காட்டும். பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் வரும் கெடுதலைக் காட்டாது.

தாய்மார்களே! கால்வாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கலந்த மருந்து போகாது. செத்து மிதக்கும் மீனைக் குழம்புக்கு எடுக்காதீர்கள். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள். மருந்தடிக்கும் தோழர்களே! பம்பைக் கால்வாயில் கழுவாதீர்கள். கீழே யார் வீட்டுக் குழந்தையோ குளித்துக்கொண்டிருக்கும்.

மீன் செத்தால் உடனே நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். மீன் சாகவில்லை என்பதற்காகக் குடிக்க மட்டும் செய்யாதீர்கள். குடிக்கச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.